பச்சைக் காயம்

அத்தியாயம் 14

வியாழக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு வந்த லாரி, மில் தெரு முனையிலேயே நின்றுவிட்டது. அதன் முதுகில் பாறை அறுக்கும் இயந்திரம் இருந்தது. ஆள் உயரச் சக்கரம், சக்கரத்தைச் சுற்றிலும் இரும்புப் பற்கள். தெருவுக்குக் குறுக்கே தாழ்ந்து நீண்டிருந்த ஓர் ஓக் கிளையில் அந்தச் சக்கரத்தின் உச்சி இடித்தது.

ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார்.

"ரம்பம் வெச்சிருக்கேன். அந்தக் கிளையை மட்டும் எடுத்துவிட்டா உள்ள வந்துடலாம்."

"தொடாதீங்க!"

மூன்று வாசல்களிலிருந்து ஒரே சமயத்தில் குரல் வந்தது. ஓட்டுநர் மிரண்டுபோய்த் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

வெல்டன் ஹாஸ் தன் வீட்டு முன் புல்வெளியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பதினேழு மாதத்துக்கு முன்பு இப்படி யாராவது ஒருத்தர் தன்னைப் பார்த்துக் கத்தியிருக்கக் கூடாதா என்று நினைத்தார்.

அந்தப் பதினேழு மாதக் கதை உங்களில் பலருக்குத் தெரியும். இன்றைக்குத்தான் இந்தத் தெருவுக்குள் காலடி வைக்கிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

வெல்டனுக்கு அறுபத்து நான்கு வயது. முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். அவருடைய அக்கா லொரீனா பக்கத்து வீடு. அவர்கள் அப்பா மகனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று என்று இரண்டு வீடு கட்டினார். நடுவில் நின்ற பெரிய ஓக் மரத்தை யார் பேருக்கும் எழுதாமல் போய்ச் சேர்ந்தார். போன வருடம் ஏப்ரலில், லொரீனாவின் மகள் கெல்சிக்கு அந்த மரத்தடியில் கல்யாணம். கூடாரம் போட வந்தவர்கள் ஒரு கிளை இடிக்கிறது என்றார்கள். "வெட்டித் தள்ளுடா" என்றார் லொரீனா.

வசந்த காலத்தில் ஓக் மரத்தில் ரம்பம் படக் கூடாது. பட்டுவிட்டால் அந்த நிமிடமே காயத்தின் மேல் பெயின்ட் பூசிவிட வேண்டும். டெக்சஸ் மலைப் பக்கத்தில் இது சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். வெல்டன் கறுப்புப் பெயின்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டுதான் ஏணியில் நின்றார். "போட்டோல தார் பூசின மாதிரி அசிங்கமா விழும். கல்யாணம் முடியட்டும்" என்றார் லொரீனா. கல்யாணம் முடிந்தது. பெயின்ட்டை இரண்டு பேரும் மறந்தார்கள்.

அந்த அக்டோபரில் மரத்தின் இலைகளில் நரம்புகள் மட்டும் மஞ்சளாகிப் பிறகு பழுத்தன. சோதனைக்கூடத்திலிருந்து ஓக் வாடல் என்று பதில் வந்தது. பூஞ்சை. இந்த மரங்களின் வேர்கள் மண்ணுக்கடியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடப்பதால், ஒரு மரத்துக்குள் போன நோய் வேலியைப் பார்த்து நிற்காது. இந்த செப்டம்பருக்குள் ஐந்து மரம் மொட்டையாகிவிட்டது.

பழி, லொரீனாவுக்கு அடுத்த வீட்டு எம்மெட் ப்ரூஸார்ட் தலையில் விழுந்தது. லூசியானா எல்லைப் பக்கம் போமான்ட்டிலிருந்து இரண்டு வருடத்துக்கு முன்பு வந்தவர். மனைவியை இழந்தவர். இறைச்சியைப் புகையில் வாட்டுவதற்காக ஒரு வண்டி ஓக் விறகை வாங்கி அடுக்கியிருந்தார். நோய் அந்த விறகில்தான் வந்தது என்று தெருக் கூட்டத்தில் எழுந்து சொன்னவர் லொரீனா. அதோடு விடவில்லை. கார் ஷெட்டில் அவர் நடத்தும் பார்லருக்குத் தலை அலச வந்த ஒவ்வொருத்தரிடமும் சொன்னார். போன வாரம், எம்மெட் கொடுத்தனுப்பிய தொத்திறைச்சித் தட்டுகள் மூன்று வீடுகளிலிருந்து மூடியைக்கூடத் திறக்காமல் திரும்பி வந்தன.

தெருவில் கிளை விஷயம் இரண்டே பேருக்குத் தெரியும். வெல்டனின் மனைவி நதீனுக்குத் தெரியாது. கல்யாணத்துக்கு முந்தைய வாரம் முழுவதும் அவர் லப்பக்கில் தங்கை மகளுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி இன்றைக்கு.

* * *

இயந்திரத்தை முனையிலேயே இறக்கி, தெரு வழியே ஊர்ந்தபடி கொண்டுவந்தார்கள். முன்னால் மரிசோல் நடந்தாள். மரங்களின் நோய் பார்க்க வனத்துறை அனுப்பிய பெண், முப்பது வயதிருக்கும். அவள் நேற்றே ஆரஞ்சு நிறப் பெயின்ட்டில் தரையில் கோடு போட்டிருந்தாள். கோடு வெல்டன் வீட்டு இடப்பக்கம் தொடங்கி, மூன்று வீட்டின் பின்புறமாகவும் போய், எம்மெட் வீட்டைச் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு வந்தது. அந்தக் கோட்டின் மேல் நான்கடி ஆழத்துக்குப் பாறையோடு சேர்த்து வேர்களை அறுத்துவிட்டால், வெளியே இருக்கும் பதினோரு வீட்டு மரங்களும் பிழைக்கலாம்.

"பிழைக்கும்னு சொல்லு" என்றார் எதிர்வீட்டுப் பெண்மணி.

"பிழைக்கலாம் மேம். அதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன்."

"அப்போ உள்ள இருக்கிறது?"

"பத்தொன்பது மரம். அஞ்சு செத்தாச்சு." மரிசோல் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டாள். "மத்ததும் போக நேரம்தான் பாக்கி."

"மருந்து ஏத்தினோமே" என்றார் வெல்டன்.

மே மாதத்தில் அவர் மூன்று மரங்களின் அடிவேரைச் சுற்றித் துளை போட்டு, குழாய் செருகி, நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து மருந்து ஏற்றியிருந்தார். இரண்டு மரம் ஜூலையில் போயின. மூன்றாவது இப்போது தினமும் ஒரு கூடை இலை கொட்டிக்கொண்டிருந்தது.

"நோய் வர்றதுக்கு முன்னாடி ஏத்தினா கேக்கும் ஸார். நீங்க ஏத்தறப்போ அது ஏற்கெனவே உள்ள இருந்திருக்கு." கொஞ்சம் தயங்கி, "உங்க மேல தப்பில்ல" என்றாள்.

வெல்டன் வேறெங்கோ பார்த்தார்.

இயந்திரத்தைச் சரிசெய்துகொண்டிருந்த நேரத்தில் மரிசோல் பெரிய மரத்தடிக்குப் போனாள். ஒரு இலை இல்லை. கிளைகள் அத்தனையும் வெளுத்து நின்றன. அவள் அண்ணாந்து வெகுநேரம் பார்த்தாள்.

"ஸார், ஒரு நிமிஷம் வர்றீங்களா?"

வெல்டன் போனார்.

"இந்தக் கிளை எப்ப வெட்டினது?"

"எது?"

"அதோ. பதினோரு அடி உயரத்துல. ரம்பம் போட்ட வெட்டு. பெயின்ட் இல்ல."

"டிசம்பர்" என்றார் வெல்டன். சொன்ன வேகம் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. "கல்யாணத்துக்கு முந்தின டிசம்பர்."

"குளிர்லயா? அப்ப சரி. குளிர்ல வண்டு பறக்காது."

அவள் அட்டையில் எழுதிக்கொண்டாள்.

"ஏன் கேக்கறேன்னா, இந்தப் பூஞ்சையை ஒரு வண்டு சுமந்துகிட்டு வரணும். அரிசி அளவுதான் இருக்கும் அது. வந்தாலும் முழுசா இருக்கிற பட்டைக்குள்ள நுழைய முடியாது. பச்சைக் காயம் வேணும். வெட்டி ரெண்டு மூணு நாள் ஆன காயம். சாறு வாசனைக்குத்தான் தேடி வரும். அந்தக் காயம் எதுன்னுதான் இந்தத் தெரு பூரா தேடிட்டிருக்கேன்."

"விறகுன்னு சொல்றாங்களே."

"விறகுல பூஞ்சை இருந்திருக்கலாம். பட்டையோட, பச்சையா இருந்தா. ஆனா விறகு எழுந்து வந்து மரத்துக்குள்ள ஏறாதே ஸார்."

"காயத்தைக் கண்டுபிடிச்சா?"

"ஃபைல்ல எழுதுவேன்." மரிசோல் தோளைக் குலுக்கினாள். "வேற என்ன பண்ண? மரமா திரும்பி வரப்போகுது?"

எட்டரைக்குச் சக்கரம் சுழலத் தொடங்கியது. அந்தச் சத்தத்தில் பேச்சு முடிந்தது. வெள்ளைச் சுண்ணாம்புப் பொடி கூரை உயரத்துக்கு எழுந்தது. அடுப்படி அலமாரியில் நதீனின் கோப்பைகள் கிணுகிணுத்தன. சக்கரம் கல்லையும் மண்ணையும் துப்பியது. இடையிடையே விரல் தடிமனில், மணிக்கட்டுத் தடிமனில் வேர்த்துண்டுகளையும் துப்பியது. வெட்டுப்பட்ட இடம் ஈரமாக, மஞ்சளாக இருந்தது. வெல்டன் ஒன்றைக் குனிந்து எடுத்தார். எந்த மரத்து வேர் என்று தெரியவில்லை. கீழே போட்டார்.

* * *

மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் வெல்டன் தட்டைத் தள்ளி வைத்தார்.

"எம்மெட்டைப் பாத்தியா?" என்றார் நதீன். "பின்பக்கம் நாற்காலி போட்டுத் தனியா உக்காந்திருக்காரு. எதிர்ல அவரோட புல்தரையை அறுத்துட்டுப் போறாங்க. ஒருத்தர், ஒரே ஒருத்தர், பக்கத்துல போயி நிக்கல."

"வேடிக்கை பாக்கறாரு போலிருக்கு."

"அவரோட நாலு மரமும் கோட்டுக்கு உள்ள, வெல்டன். ஒரு இலை வாடல அதுல. இருந்தாலும் வேரை அறுக்கச் சம்மதம்னு முதல் கையெழுத்துப் போட்டது அவர்தான். நம்ம ஆளுங்க ஒவ்வொருத்தரும் மூணு மாசம் இழுத்தடிச்சாங்க."

நதீன் எழுந்துபோய் உருளைக்கிழங்கு சாலட்டை ஒரு டப்பாவில் அள்ளினார். மேலே ஈயத்தாள் போட்டு அழுத்தினார்.

"இந்தா. எடுத்துட்டுப் போ."

"நானா? நீ போயேன். உன்கூடத்தான் நல்லாப் பேசுவாரு."

"நான் போயிட்டுத்தான் இருக்கேன். பழி சொன்னது உங்க அக்கா. போகவேண்டியது நீ."

"போயி என்ன சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல வேணாம். பக்கத்துல உக்காரு. முப்பது வருஷம் அடுத்தவங்க பிள்ளைங்களைப் பத்திரமா கூட்டிட்டுப் போன மனுஷன், உனக்கு இது வராதா?"

வெல்டன் டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். எம்மெட் வீட்டுக்குப் போகிற வழியில் அக்காவின் கார் ஷெட் இருந்தது. கால் அங்கே திரும்பிவிட்டது.

* * *

லொரீனா பார்லர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கத் துடைக்கப் பொடி படிந்தது.

"காலையிலேர்ந்து ஒருத்தி வரல. இந்தச் சத்தத்துல யாரு தலையைக் கொடுப்பா?" என்றார் திரும்பாமலே. "கையில என்ன?"

"எம்மெட்டுக்கு. நதீன் கொடுத்தா."

"ஓகோ."

"அந்தப் பொண்ணு கேட்டுட்டா, லொரீனா."

"எதை?"

"கிளையை."

துடைக்கிற கை நின்றது. லொரீனா கண்ணாடிக்குள் தெரிந்த தம்பியைப் பார்த்தார்.

"என்ன சொன்ன?"

"டிசம்பர்னு சொன்னேன்."

"சரியாச் சொன்ன."

"பொய் சொன்னேன்."

"அதைத்தான் சொல்றேன். சரியாச் சொன்ன."

வெல்டன் தலை அலசும் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். டப்பாவை மடியில் வைத்துக்கொண்டார்.

"அவரோட நாலு மரமும் நல்ல மரம்."

"என்னோடது நல்ல மரம் இல்லையா? ரெண்டு போச்சு. மூணாவது போயிட்டிருக்கு. நான் யாரைப் போயி கேக்கறது?"

"என்னைக் கேளு. உன்னைக் கேளு."

"வெல்டன்."

"நீ கூட்டத்துல எழுந்து விறகுன்னு சொன்னப்போ, பக்கத்துல உக்காந்திருந்தேன். சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவை என் முகத்தைப் பாத்த. நான் தலையைக் குனிஞ்சுகிட்டேன். அப்ப நிமிர்ந்திருந்தா நீ சொல்லியிருக்க மாட்ட."

"சொல்லியிருப்பேன்" என்றார் லொரீனா. பிறகு, "தெரியல" என்றார்.

வெளியே சக்கரம் ஏதோ கடினமான பாறையில் மாட்டிக்கொண்டு கூவியது. இரண்டு பேரும் அது அடங்கும்வரை காத்திருந்தார்கள்.

"கெல்சி போன ஞாயித்துக்கிழமை போன் பண்ணினா" என்றார் லொரீனா. "டாலஸ்ல அந்த ஒத்தை ரூம்ல இருந்துகிட்டு, 'அம்மா, தாத்தா மரம் எப்படியிருக்கு'ன்னு கேக்கறா."

"சொல்லிட்டியா?"

"நல்லாயிருக்குன்னேன்."

"லொரீனா!"

"வேற என்னடா சொல்லச் சொல்ற? பதினாலே மாசம் ஓடின கல்யாணம். அதுக்காகத் தாத்தா மரத்தை வெட்டிக் கொன்னோம், தெருவையே கொன்னோம், போட்டோ நல்லா வரணும்னு பெயின்ட் அடிக்க விடலன்னு சொல்லவா? அவ ஏற்கெனவே தான் தொட்டதெல்லாம் பாழாப்போகுதுன்னு புலம்பிட்டிருக்கா. தூங்கறதில்ல. சாப்பிடறதில்ல. போன்ல அவ மூச்சு விடறதைத்தான் பாதி நேரம் கேட்டுட்டு உக்காந்திருக்கேன். இதையும் தூக்கி அவ தலையில வைக்கவா?"

லொரீனா துணியைக் கண்ணாடியில் ஒரு தடவை அழுத்தி இழுத்தார்.

"எம்மெட் பெரிய மனுஷன். தாங்கிப்பாரு. என் பொண்ணு தாங்க மாட்டா."

"அவர் தாங்கறாருன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தாங்கலேன்னா வித்துட்டுப் போகட்டும்!"

சொல்லிவிட்டு லொரீனா துணியைப் பார்த்தார். கையிலிருந்த துணியை நான்காக மடித்தார். மறுபடி பிரித்தார். அவர் கெட்டவர் இல்லை. எம்மெட் குடிவந்த முதல் வாரத்தில் பீச் பழப் பணியாரம் செய்து எடுத்துக்கொண்டு போனவர் அவர்தான்.

"நீ வெளியில சொன்னா நான் இல்லேன்னுதான் சொல்வேன்" என்றார் மெதுவாக. "கிளை காத்துல முறிஞ்சது, என் தம்பிக்கு வயசாயிடுச்சு, உளர்றான்னு ஊர் முன்னாடி சொல்வேன். என்னைச் சொல்ல வெச்சிடாதடா."

வெல்டன் எழுந்தார். டப்பாவின் ஈயத்தாளில் அவர் விரல்கள் அழுந்திய பள்ளங்கள் இருந்தன.

* * *

எம்மெட் வீட்டுப் பின்புறம் போவதற்குள் அவர் வாக்கியத்தைத் தயார் செய்துவிட்டார். 'உங்க விறகு இல்ல எம்மெட். என் ரம்பம்.' இவ்வளவுதான். பிறகு அக்கா என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும்.

இயந்திரம் இந்தப் பக்கத்தை முடித்துவிட்டு ரோட்டை நோக்கிப் போயிருந்தது. ஒரு சாண் அகலத்தில் புல்தரை நெடுகப் பிளந்து கிடந்தது. ஓரத்தில் வெள்ளைக் கல் குவியல். நான்கு ஓக் மரங்களும் கோட்டுக்கு இந்தப் பக்கம், அடர்ந்த பச்சையாக, ஒன்றும் தெரியாதவை போல நின்றன. அந்த நிழலில் எம்மெட் தொப்பியை முழங்கால் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுபது வயது, பெரிய உடம்பு, சவரம் செய்த முகம்.

"வாங்க மிஸ்டர் வெல்டன். உக்காருங்க. அந்த நாற்காலி உபயோகப்பட்டு ரொம்ப நாளாச்சு."

டப்பாவை வாங்கித் தாளை விலக்கி மோந்து பார்த்தார்.

"மிஸ் நதீன் கை. கடுகு ஒரு பிடி தூக்கலா இருக்கும். எங்க ஊர்ல இதைச் சாப்பிட்டா அழுவாங்க." சிரித்தார். சிரிப்பு சீக்கிரம் போய்விட்டது.

வெல்டன் உட்கார்ந்தார்.

"எம்மெட், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நான் முதல்ல சொல்லிடறேன். தயவுசெய்து. இல்லேன்னா எனக்குத் தைரியம் போயிடும்."

அவர் சட்டைப் பையிலிருந்து மடித்து மடித்துக் கிழிந்துபோன ஒரு காகிதத்தை எடுத்தார். மரிசோல் ஆறு வாரத்துக்கு முன்பு வீடு வீடாகக் கொடுத்த நோட்டீஸ். அதில் ஒரு படத்தின் மேல் விரலை வைத்தார்.

"விறகு வித்தவன் காஞ்சதுன்னான். மேல இருந்ததெல்லாம் காஞ்சதுதான். அடியில நாலஞ்சு கட்டை பச்சை. பட்டையோட. ஒண்ணைத் திருப்பறேன், பட்டை வெடிச்சுக் கிடக்கு. உள்ள சாம்பல் நிறத்துல அடை மாதிரி ஒண்ணு. பழுத்த பழ வாசனை. நான் ஆலையில வால்வு திருகினவன் மிஸ்டர் வெல்டன், எனக்கு என்ன தெரியும்? நல்ல வாசனையா இருக்கே, இறைச்சியில ஏறும்னு நினைச்சேன். ரெண்டு மாசம் அப்படியே வெயில்ல போட்டு வெச்சிருந்தேன். மூடக்கூட இல்ல. பிளாஸ்டிக் போட்டு மூடணுமாம், இதுல எழுதியிருக்கு." விரல் படத்தைத் தட்டியது. "இதே பூஞ்சை அடை. இதேதான்."

"எப்ப?" என்றார் வெல்டன்.

"போன வருஷம் ஏப்ரல். உங்க வீட்டுக் கல்யாணத்துக்கு என்னையும் கூப்பிட்டீங்களே, அந்த வாரம்."

வெல்டனுக்குள் எதுவோ சட்டென்று இளகியது. அப்படியானால் விறகுதான். லொரீனா பொய் சொல்லவில்லை. அந்த இளக்கம் ஒரு மூச்சு நேரம் நின்றது. அடுத்த மூச்சில் மரிசோல் காலையில் சொன்னது முழுக்கப் புரிந்தது. வண்டு இந்தக் கட்டையிலிருந்து கிளம்பியிருக்கிறது. போய் உட்கார அவர் இடம் வெட்டிக் கொடுத்திருக்கிறார். இரண்டில் ஒன்று இல்லாமலிருந்தாலும் இந்தத் தெரு இப்படி நின்றிருக்காது.

"கூட்டத்துல உங்க அக்கா சொன்னப்போ எனக்கு அவ்வளவு கோபம்" என்றார் எம்மெட். "வீட்டுக்கு வந்து தனியா திட்டினேன். இப்ப அவங்ககிட்ட மன்னிப்பு கேக்கணும். அவங்க சொன்னது சரிதான். முதல்ல உங்ககிட்ட கேக்கறேன். உங்க அப்பா வெச்ச மரம் அது."

"அப்பா வைக்கல. அது அவருக்கும் முந்தி" என்றார் வெல்டன்.

"ஒண்ணு மட்டும்தான் விளங்கல. காயம் வேணுங்கறாளே அந்தப் பொண்ணு. என் மரத்துல ஒரு கீறல் இல்ல. தெருவெல்லாம் நடந்து ஒவ்வொண்ணா பாத்தேன். உங்க மரத்துல ஒரு வெட்டு இருக்கு, ஆனா அது டிசம்பராம், அந்தப் பொண்ணுகிட்ட கேட்டேன். நீங்க ஜாக்கிரதையான ஆளு, மத்த மாசத்துல வெட்ட மாட்டீங்க." எம்மெட் காகிதத்தை மறுபடி மடித்தார். "எங்கேயோ காத்துல ஒரு கொப்பு ஒடிஞ்சிருக்கும். இல்லையா?"

எம்மெட் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் சந்தேகம் துளியும் இல்லை. பதில் வேண்டும், அவ்வளவுதான்.

இங்கேதான் சொல்லியிருக்க வேண்டும். வெல்டனுக்கு அது தெரிந்தது. வாக்கியம் தயாராகத்தான் இருந்தது. கெல்சி போனில் மூச்சு விடுவது நினைவுக்கு வந்தது என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உண்மையில் அந்த நேரத்தில் கெல்சி நினைவுக்கு வரவில்லை. யாருமே நினைவுக்கு வரவில்லை. பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

"இருக்கும்" என்றார்.

எம்மெட் தலையை ஆட்டினார்.

"பாதிரியார்கிட்ட பேசிட்டேன். ஞாயித்துக்கிழமை பிரார்த்தனை முடிஞ்சதும் எழுந்து எல்லார்கிட்டயும் சொல்லப்போறேன். சொல்லிட்டு போமான்ட்டுக்கே போயிடறேன். இந்த நாலு மரத்தைப் பாத்துத்தான் இந்த வீட்டை வாங்கினேன். இதுங்க சாகறதையும் உக்காந்து பாக்க என்னால முடியாது." கொஞ்ச நேரம் தொப்பியின் விளிம்பைத் தடவினார். "ஒரு உதவி மிஸ்டர் வெல்டன். எழுந்து நிக்கறப்போ எனக்குக் கால் நடுங்கும். யாராவது ஒருத்தர் பக்கத்துல நின்னா சொல்லி முடிச்சிடுவேன். இந்தத் தெருவுல வேற யாரை நான் கேக்க முடியும்? நீங்க நிக்கறீங்களா?"

"நிக்கறேன்" என்றார் வெல்டன்.

எம்மெட் இரண்டு கைகளாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை.

* * *

திரும்பி வரும்போது லொரீனா ஷெட் வாசலில் நின்றிருந்தார். புருவத்தை உயர்த்தினார். வெல்டன் இல்லை என்று தலையசைத்தார். லொரீனா கண்களை மூடித் திறந்தார். நன்றி சொல்வது போலவும் இருந்தது, அழுவது போலவும் இருந்தது. உள்ளே போனார்.

நதீன் வாசற்படியில் படிந்த சுண்ணாம்புப் பொடியைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு நேரம் உக்காந்திருந்தியா? என்ன சொன்னாரு?"

வெல்டன் சொன்னார். விறகு, அடை, மன்னிப்பு, ஞாயிற்றுக்கிழமை. எம்மெட் சொன்னதில் ஒன்றையும் விடவில்லை. தான் சொன்னதில் கடைசி வார்த்தையை மட்டும் சொன்னார்.

நதீன் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆறு வாரமா அந்தக் காகிதத்தைப் பையில வெச்சுகிட்டு நடந்திருக்காரு. கடவுளே." கண்களைத் துடைத்துக்கொண்டார். "யாரு இப்படி எழுந்து நின்னு சொல்லுவா, வெல்டன்? இந்த ஊர்ல எவனுக்கு அந்த மனசு இருக்கு?"

"ம்."

"நீ நிக்கறேன்னு சொன்னியே, அது போதும் எனக்கு." அவர் கணவரின் முழங்கையைப் பிடித்து எழுந்தார். "நானும் நிக்கறேன். அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். லொரீனாவும் வரட்டும். முகத்துக்கு நேரா அவர்கிட்ட மன்னிப்பு கேக்கட்டும். தட்டைத் திருப்பி அனுப்பினாங்களே, அந்த மூணு வீட்டையும் நானே கூப்பிடறேன். ஒருத்தர் பாக்கியில்லாம வந்து கேக்கணும்."

"இப்பவே எதுக்கு, நதீன்?"

"இப்பத்தான். மனசு சூடா இருக்கறப்போ."

உள்ளே போனார். அடுப்படித் தொலைபேசியில் எண்களை அழுத்தும் சத்தம் கேட்டது.

"ஹலோ, டோரிஸா? நதீன் பேசறேன். ஞாயித்துக்கிழமை நீ கட்டாயம் சர்ச்சுக்கு வந்துடணும். ஆமா, பிள்ளைங்களையும் கூட்டிட்டு வா. வெல்டன்தான் கூட நிக்கப்போறான்…"

வெல்டன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே போய் அந்த ரிசீவரை வாங்கிக் கீழே வைக்க ஏழெட்டு அடி நடந்தால் போதும்.

நதீன் அடுத்த எண்ணை அழுத்தினார். அதற்கடுத்த எண்ணையும் அழுத்தினார்.